ஆம்பருக்குள் உறைந்த வேட்டைச் சிலந்திப்பேன்கள்: வகுப்பிலும் தோப்பிலும் கேட்ட கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன். சித்தி மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பால்டிக் ஆம்பர் துண்டு கொண்டுவந்து தந்தான். வெயிலில் பிடித்தால் தேன் நிறம். பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மரப்பட்டைத் தூள், நட்சத்திர வடிவில் சில ரோமங்கள், ஓரத்தில் ஒரு புள்ளி. உருப்பெருக்கத்தைக் கூட்டியதும் அந்தப் புள்ளிக்கு எட்டுக் கால் இருந்தது. ஆங்கிலத்தில் மைட் (mite) என்கிற சிலந்திப்பேன் அது. அன்றிலிருந்து பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல அப்பா அம்மாக்களும் கேட்கிறார்கள், பக்கத்துத் தோப்புக்காரர்களும் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆம்பர் என்றால், போலீஸ் பிடிக்கிறார்களே, அந்த அம்பரா டீச்சர்?

இல்லை. முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான். நம் கடற்கரை ஊர்களில் அம்பர் என்றால் அம்பர்கிரிஸ்தான் நினைவுக்கு வரும். அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள். அந்தத் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால் அம்பர்கிரிஸை வைத்திருந்தாலும் விற்றாலும் வழக்கு.

நான் சொல்லும் ஆம்பர் மரத்துப் பிசின். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து கெட்டியானது. இரண்டும் கடலில் ஒதுங்கும் என்பதாலும், இரண்டையும் தீயில் காட்டினால் வாசனை வரும் என்பதாலும் பழைய காலத்திலேயே பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

சிலந்திப்பேன் என்பது பேனா, சிலந்தியா, பூச்சியா?

மூன்றும் இல்லை. ஆனால் சிலந்திக்குச் சொந்தம். பூச்சிக்கு ஆறு கால், சிலந்தி, தேள், உண்ணி, சிலந்திப்பேன் இவற்றுக்கெல்லாம் எட்டுக் கால். நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கூட்டத்தில் பெரிய உருவம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு குழப்பமும் உண்டு: முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும். தென்னையைத் தாக்கும் இனத்துக்கு வாழ்நாள் முழுவதும் நான்கே கால்.

வேட்டைச் சிலந்திப்பேன் என்று தனியாக ஏன் சொல்கிறீர்கள்?

சிலந்திப்பேன்களில் இலைச்சாறு குடிப்பவை உண்டு, மக்கிய இலையைத் தின்பவை உண்டு, ரத்தம் குடிப்பவை உண்டு. இன்னொரு பெரிய கூட்டம் மற்றவற்றைப் பிடித்துத் தின்னும். வேளாண்மைப் புத்தகங்களில் இவற்றை இரைவிழுங்கி என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் இவை விழுங்குவதில்லை. இரையைக் குத்தி, உள்ளே இருப்பதைக் கரைத்து, உறிஞ்சிக் குடிக்கும். காலி தோல் மட்டும் மிஞ்சும்.

பிடிக்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. மூக்கு நீண்ட ஒரு குடும்பம் வாயிலிருந்து பட்டிழை போல ஒன்றைத் துப்பி இரையைக் கட்டிப்போடும். இன்னொரு குடும்பத்துக்கு வாய்ப்பக்கம் நண்டின் கொடுக்கு மாதிரி இரண்டு கைகள். ஓர் இடத்தில் அசையாமல் காத்திருந்து கிட்டே வருவதைக் கவ்விக்கொள்ளும். வேறு சில ஓடியே பிடிக்கும். கலிஃபோர்னியாவில் ஒரு சிலந்திப்பேன் ஒரு விநாடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல 322 மடங்கு தூரம் ஓடியதாக 2014-இல் பதிவு செய்தார்கள். மனுஷ அளவுக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 2,000 கிலோமீட்டரைத் தாண்டும்.

மழை ஓய்ந்த செம்மண்ணில் பட்டுத்துணி போலச் சிவப்பாக நடந்துபோகுமே, சங்கப் பாடல்கள் மூதாய் என்று சொல்லும் அந்தப் பூச்சி? அதுவும் வேட்டைச் சிலந்திப்பேன்தான். குஞ்சுப் பருவத்தில் வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டி உறிஞ்சும். வளர்ந்ததும் மண்ணில் அலைந்து பூச்சி முட்டைகளைத் தின்னும். ஒரே உயிர் முதல் பாதியில் ஒட்டுண்ணி, மறு பாதியில் வேட்டைக்காரன்.

இவ்வளவு சின்னது பிசினுக்குள் எப்படி மாட்டுகிறது?

சக்கை (பலாப்பழம்) வெட்டிய அன்று அரிவாளில் ஒட்டிய பாலை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்த்தாலொழியப் போகாது. எங்கள் வீட்டுச் சக்கை மரத்தில் கிளை முறிந்த இடத்தில் வடிந்த பாலில் ஒரு நாள் ஒரு கட்டெறும்பு மாட்டியிருந்தது. முன்கால் இரண்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது மேலே இன்னொரு துளி வடிந்து மூடியிருந்தது. எறும்பின் வயிற்றுப் பக்கம் மட்டும் ஒரு மேடு.

ஆம்பர் உருவாகும் மரங்களிலும் இதேதான் நடந்தது. மரப்பட்டை வெடிப்பில் இரை தேடி ஓடும் சிலந்திப்பேனுக்குப் பிசின் ஒரு குளம். அடுத்த துளி விழுந்தால் கதை முடிந்தது. அதனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மரத்தில் ஏறி அலைபவை ஆம்பரில் நிறைய, மண்ணுக்குள் வாழ்பவை குறைவு. ஆம்பரை மட்டும் பார்த்து அந்தக் காலத்தில் மண்ணில் வேட்டைக்காரர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ரப்பர் பால் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தால் ஆம்பர் ஆகுமா?

ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஆகாது. சிரட்டையில் வடிவது ரப்பர் துகள்கள் மிதக்கும் பால். ஆம்பருக்கு வேண்டியது எண்ணெய்ப்பசையுள்ள பிசின். வடிந்த பிறகு வாசனை எண்ணெய்கள் பறந்துபோகும், மிச்சமுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், காற்றுப் படாத சேற்றில் புதைந்தால் காலப்போக்கில் ஆம்பர். பாதி வழியில் இருப்பதை கோபால் என்பார்கள்.

ஆனாலும் கேட்டதில் தப்பில்லை. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரியில் கறுத்த முடிக்கற்றை போல ஒன்று கிடைக்கிறது. அங்குள்ளவர்கள் குரங்கு முடி என்று பெயர் வைத்தார்கள். பால் வடியும் மரங்களின் பால் இழைகள் கல்லாகிப் போனவை அவை. ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலின் பழங்காலப் பங்காளி என்று வகுப்பில் சொல்வேன்.

முருங்கைப் பிசினும் ஆம்பர் ஆகாது. அது தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். குங்கிலியத்தைத் தண்ணீரில் போட்டால் அப்படியே கிடக்கும். அந்த வகைதான் ஆம்பருக்கான பிசின்.

சரி, ஆம்பரில் இதுவரை என்னென்ன வேட்டைச் சிலந்திப்பேன்கள் கிடைத்திருக்கின்றன?

பால்டிக் ஆம்பரில் சிலந்திப்பேன்கள் இருப்பதை கோக், பெரெண்ட் என்ற இருவர் 1854-இலேயே படம் வரைந்து விவரித்துவிட்டார்கள். அந்த ஆம்பருக்கு வயது ஏறத்தாழ நாலரைக் கோடி ஆண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 1917-இல் வந்தது. பர்மிய ஆம்பரில் ஒரு சிலந்திப்பேனைப் பார்த்து காக்கரல் என்ற ஆய்வாளர் கெய்லெட்டஸ் பர்மிட்டிகஸ் என்று பெயர் வைத்தார். மேலே சொன்னேனே, கொடுக்கு போன்ற கைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பம், அதுதான் இது. கெய்லெட்டஸ் என்ற இனத்தின் உறவுகள் இன்றும் தானியக் கிடங்குகளில் வாழ்கின்றன. மாவையும் தானியத்தையும் கெடுக்கும் சிலந்திப்பேன்களைப் பிடித்துத் தின்கின்றன. பழைய வீட்டுப் பத்தாயத்தின் மூலையில் கிடக்கும் தூசியில் நடப்பதும் டைனோசர் காலத்து மரப்பட்டையில் நடந்ததும் ஒரே வேலை.

1937-இல் யூயிங் என்பவர் கனடாவின் டைனோசர் காலத்து ஆம்பரிலிருந்து பெடெல்லா வெட்டுஸ்டா என்ற ஒன்றை விவரித்தார். அது நீண்ட மூக்குக் குடும்பம், கட்டிப்போட்டுத் தின்பவர்கள். பர்மிய ஆம்பரில் மூதாயின் உறவுக்காரர்களும் கிடைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று 8 மில்லிமீட்டருக்கு மேல். சிலந்திப்பேன்களில் அது யானை.

இன்னொன்றையும் விட மனமில்லை. 2014-இல் வெளிவந்தது: பால்டிக் ஆம்பரில் ஓர் எறும்பு, அதன் தலையில் ஒட்டியபடி ஒரு சிலந்திப்பேன். அது சேர்ந்த குடும்பத்தில் பலர் மண்ணில் இரை பிடிப்பவர்கள். அதே குடும்பத்தில் சிலர் எறும்போடு ஒட்டி வாழப் பழகிவிட்டார்கள். வேட்டையாடும் குடும்பத்திலிருந்து இப்படி எறும்போடு ஒட்டிக்கொண்ட கிளை நாலரைக் கோடி ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பதற்கு அந்தத் தலை சாட்சி.

செத்துக் கிடப்பதைப் பார்த்து அது வேட்டைக்காரன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பக்கத்தில் ஒரு கொசு கிடப்பதை வைத்துச் சொல்ல முடியாது. பிசின் ஓடும்போது எங்கெங்கோ இருந்ததை அடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் படுக்க வைக்கும். கையும் களவுமாகப் பிடிபடுவது அபூர்வம்.

வாயைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஊசி போன்ற தாடையா, கத்தரி போன்றதா, பக்கத்துக் கைகளில் கொக்கி இருக்கிறதா, கால் ஓடுவதற்கு நீண்டதா என்று பார்ப்பார்கள். அப்புறம் இன்று உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்கள் என்ன தின்கிறார்கள் என்று ஒப்பிடுவார்கள். கறிக்கடைக் கத்தியையும் அருவாமனையையும் பார்த்தாலே எது எங்கே வேலை செய்தது என்று நாம் சொல்லிவிடுவோம் இல்லையா, அதே மாதிரி.

கண்ணுக்கே தெரியாததை ஆம்பருக்குள் எப்படி ஆராய்கிறார்கள்?

முதலில் ஆம்பரைத் தேய்த்து மெல்லிய பலகையாக்கி மெருகேற்றுவார்கள். அரை மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்த்தால் உள்ளே இருப்பது தூளாகிவிடும். அதனால் இப்போது எக்ஸ்ரே சிடி ஸ்கேன். ஆஸ்பத்திரியில் எடுப்பதன் நுணுக்கமான வடிவம். 2012-இல் பால்டிக் ஆம்பரில் ஒரு சிலந்தியின் முதுகில் சவாரி செய்த சிலந்திப்பேனை இப்படி முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். அதன் நீளம் 0.176 மில்லிமீட்டர். அது வேட்டைக்காரன் அல்ல, இடம் மாற வண்டி பிடித்தவன். ஆனால் இத்தனை சின்னதை வெளியே எடுக்காமலே ஒவ்வொரு காலாகப் பார்க்க முடிந்தது என்பதுதான் சேதி.

தென்னையில் சொறி பிடிக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்டது பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி. இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே அந்தக் கேள்விதான்.

தேங்காயின் தொப்பி இதழுக்குக் கீழே முதலில் வெளுத்த முக்கோணம், பிறகு பழுப்பு, பிறகு வெடிப்பும் சொறியுமாகக் காய் சிறுத்துப் போகும். ஈரியோபைட் சிலந்தி என்று வேளாண்மைத் துறை சொல்லும், கேரளத்தில் மண்டரி என்பார்கள். மெக்சிகோவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து 1965-இல் அதற்குப் பெயரிட்டார்கள். இந்தியாவில் 1998-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் பதிவானது, அப்புறம் நம் தோப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. நீளம் கால் மில்லிமீட்டர் அளவுதான்.

இந்தக் குடும்பத்தின் முன்னோர்கள்தான் ஆம்பரில் கிடைத்த மிகப் பழைய விலங்குகளில் சேர்ந்தவை. இத்தாலியின் டோலமைட் மலையில் கிடைத்த 23 கோடி ஆண்டு பழைய ஆம்பர்த் துளிகள் ஏறத்தாழ 70,000-ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அதில் கிடைத்த விலங்குகள் மூன்றே மூன்று. ஒன்று சின்ன ஈ. மற்ற இரண்டும் ஈரியோபைட் கூட்டத்துச் சிலந்திப்பேன்கள். 2012-இல் அறிவித்தார்கள். பூக்கும் செடிகள் பரவுவதற்கு வெகு காலம் முன்பு, ஊசியிலை மரத்தில் வாழ்ந்தவை.

போன மாதம் அண்ணாச்சியின் தோப்பில் விழுந்து கிடந்த குரும்பை ஒன்றை எடுத்து, தொப்பி இதழைக் கத்தி முனையால் நெம்பிக் கழற்றினோம். பத்து மடங்கு கைலென்ஸில் பார்த்தால் இதழின் உட்புறம் வெள்ளைப் பவுடர் பூசியது போல இருந்தது. உற்றுப் பார்க்க அந்தப் பவுடர் மெதுவாக நெளிந்தது. அதற்கு நடுவே வைக்கோல் நிறத்தில் மினுமினுப்பாக ஒன்று, மற்றவற்றைவிடப் பெரியது, குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. நின்றது. வாய்ப்பக்கம் குனிந்தது. அண்ணாச்சி லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே "தின்னுதுல்லா" என்றார்.

அவரிடமும் ஈரியோபைட்டைத் தின்னும் வேட்டைச் சிலந்திப்பேன்களைப் பற்றித்தான் சொன்னேன். நியோசீயுலஸ் பராக்கி, நியோசீயுலஸ் பாஸ்பாலிவோரஸ் என்று இரண்டு இனங்கள் தென்னிந்தியத் தோப்புகளிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கின்றன. தட்டையான, நீளவாட்டு உடம்பு. தொப்பி இதழின் இடுக்கில் நுழையத் தோதானது.

அப்படியென்றால் மருந்தே அடிக்கக் கூடாதா?

கண்ட கண்ட பூச்சிமருந்தை அடிக்காதீர்கள் என்பேன். தொப்பிக்குள் ஒளிந்திருக்கும் ஈரியோபைட்டுக்கு அது சரியாகப் போய்ச் சேராது, வெளியே ஓடித்திரியும் வேட்டைக்காரன்தான் முதலில் சாவான். வேப்பெண்ணெய், பூண்டு, சோப்பு சேர்த்த 2 சதவீதக் கலவையை ஆராய்ச்சி நிலையங்கள் பரிந்துரைக்கின்றன. அளவும் நேரமும் திருப்பதிசாரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் ஊர் வேளாண்மை அலுவலரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ஆம்பர் கிடைக்குமா?

நம் மலைகளின் பாறையில் தேடிப் பயனில்லை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை அது. அறியப்பட்ட மிகப் பழைய ஆம்பருக்கே சுமார் 32 கோடி ஆண்டுதான். பிசின் வடிக்கும் மரம் தோன்றும் முன்பே நம் பாறை இறுகிவிட்டது.

ஆனால் இந்தியாவில் உண்டு. குஜராத்தில் சூரத் பக்கம் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுக்கு மேல் பழைய ஆம்பர் கிடைக்கிறது. 2010-இல் அதைப் பற்றிய பெரிய ஆய்வு வந்தது. 150 கிலோ ஆம்பரில் 700-க்கும் மேற்பட்ட கணுக்காலிகள். அதைச் சுரந்த மரக் குடும்பம் எது தெரியுமா? குங்கிலியக் குடும்பம். மேற்குத்தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும், கடையில் வாங்கும் குங்கிலியத்தைத் தரும் சால் மரமும் அதே குடும்பம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கனலில் தூவும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆம்பரை வைத்து அல்ல, அதோடு புதைந்த மண்ணை வைத்து. பர்மிய ஆம்பர் இருந்த எரிமலைச் சாம்பல் கலந்த படிவில் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள் இருந்தன. சிர்க்கானுக்குள் யுரேனியம் ஒரே வேகத்தில் ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து 9.9 கோடி ஆண்டு என்று 2012-இல் கணக்கிட்டார்கள். சிர்க்கானைப் பார்க்க பர்மாவுக்குப் போக வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் கனிம மணலில் அதுவும் இருக்கிறது.

டிஎன்ஏ எடுத்து உயிர் கொடுக்கலாமா?

முடியாது. 2013-இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் கோபாலில் மாட்டிய தேனீக்களில் முயன்றார்கள். ஒன்று ஏறத்தாழ 10,600 ஆண்டு பழையது, மற்றது 60 ஆண்டுகூட ஆகாதது. இரண்டிலும் நம்பத்தக்க டிஎன்ஏ கிடைக்கவில்லை.

ஆம்பர் என்று ஒரு மணி வாங்கினேன், உள்ளே பூச்சியும் இருக்கிறது. அசலா?

பூச்சி பெரிதாக, நடுவில் அழகாக, சிறகு விரித்து உட்கார்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அசலில் பாதி உடைந்தும் ஓரத்திலும் கிடக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் புத்தளம் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள், இனிமேல் கரையாது என்ற நிலையில் மணியைப் போடுங்கள். ஆம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கும். கோபாலும் சில பிளாஸ்டிக்கும் மிதக்கும் என்பதால் இதோடு விடக் கூடாது. நகப்பூச்சு நீக்கியில் ஒரு துளி தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் கோபாலோ பிளாஸ்டிக்கோதான்.

பர்மிய ஆம்பர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பர்மாவின் கச்சின் மாநிலத்துச் சுரங்கங்கள் 2017-இல் ராணுவத்தின் கைக்குப் போனபின் ஆம்பர் விற்ற பணம் சண்டைக்குப் போகிறது என்று 2020-இல் முதுகெலும்பி தொல்லுயிர் ஆய்வாளர் சங்கமே அந்த ஆம்பரை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

ஆம்பர் இல்லாமல் வீட்டில் என்ன பார்க்கலாம்?

நிறைய. தோட்டத்து ஓரத்தில் மக்கிய இலையை ஒரு பிடி அள்ளி, கொசுவலைத் துணி கட்டிய புனலில் போட்டு, மேலே ஒரு பழைய குண்டு பல்பை எரிய விடுங்கள். கீழே ஒரு தம்ளரில் நனைத்த வெள்ளைத் தாள். சூடு பிடிக்காமல் உள்ளே இருப்பவை கீழே இறங்கி விழும். காலையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெதுவாக உருண்டையாக நகர்பவை இலை தின்பவை. வேகமாக, முன்கால் இரண்டையும் கொம்பு போலத் தூக்கித் தடவிக்கொண்டே ஓடுகிறதே, அதைத்தான் தேடுகிறோம். பார்த்து முடித்ததும் தாளை அதே மரத்தடியில் உதறிவிடுங்கள்.